நின்னதா, நிறுத்தினதா

விடியற்காலையில் பஸ் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் என் கை தலைமாட்டில் அடையாள அட்டையைத் தேடுகிறது. அட்டையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இப்போது பாலக்கோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். கடை திறப்பதே வெயில் ஏறிய பிறகுதான், அவசரமே கிடையாது. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, ராயக்கோட்டை ரோட்டில் பனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிற அந்தப் பஸ்ஸை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு போயிருச்சு, படு" என்பார். எரிச்சலாக வரும். அவருக்கு என்ன தெரியும்?

கம்பெனி பஸ் என்றுதான் பேர். உண்மையில் பஸ்ஸும் கம்பெனியுடையது இல்லை, அதில் போன நாங்களும் கம்பெனி ஆட்கள் இல்லை. இரண்டுமே கான்ட்ராக்ட். ஓசூர்ப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி அது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வந்து குவிகிற ஒயர்களைப் பலகையில் படம் போட்டிருக்கிற மாதிரியே இழுத்துவிட்டு, டேப் சுற்றிக் கட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் சூப்பர்வைசர் கன்னடத்தில் "பேகா, பேகா" என்று விரட்டுவார். அந்த ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி "பேகாடி, பேகா" என்று கிள்ளிச் சிரிப்போம். இன்றைக்கும் என் பெண் சாப்பிட நேரமாக்கினால் என் வாயில் அந்த வார்த்தைதான் வருகிறது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், மண்டியில் தக்காளி என்ன விலை போகிறது என்று தெரிந்துவிடும். எல்லா டப்பாவிலும் தக்காளிச் சாதமும் தக்காளித் தொக்குமாக இருந்தால் விலை படுத்துவிட்டது என்று அர்த்தம். வெறும் ரசமும் அவரைக்காயும் இருந்தால் தக்காளி நல்ல விலைக்கு லாரி ஏறிப் போகிறது. "ஐயோ, இன்னைக்கும் ரத்தச் சிவப்பா!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு பருக்கை மிஞ்சாது. அந்தச் சாப்பாட்டு ருசி வீட்டில் எனக்கு வாய்க்கவே இல்லை.

பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள் ஒருத்தி இருந்தாள். பாலக்கோட்டிலேயே ஏறிவிடுவாள். ஜன்னல் ஓரம் அவளுக்கு, பக்கத்து இடம் எனக்கு. யார் வந்து கேட்டாலும் தன் பையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்பாள். எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் நான் ஏறியதும் ஒரு கண்ணி கனகாம்பரத்தைக் கிள்ளி என் தலையில் சொருகிவிட்டு, அடுத்த நிமிஷமே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். அவள் தலைப்பாரம் இல்லாமல் இந்தத் தோள் இப்போது சும்மா கிடக்கிறது.

அவள் புருஷன் பெங்களூருக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதன்பிறகு கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை, அண்ணியும் சோற்றுக்குக் குறை வைத்தவள் இல்லை. ஆனால் அவளுக்குப் படுக்க இடம் கொடுத்தது உர மூட்டை அடுக்கிய அறையில். யார் எப்போது வேண்டுமானாலும் மூட்டை எடுக்க வருவார்கள். கம்பெனி வேலை கிடைத்ததும் அவள் செய்த முதல் காரியம், பாலக்கோட்டில் லைன் வீடுகளில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்ததுதான். "கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கறேன் பாரு, அதுதாண்டி எனக்குச் சம்பளம்" என்பாள். அந்தக் கதவுக்கு அவளே பச்சைப் பெயின்ட் வாங்கி அடித்தாள். பெயின்ட் அடித்த கையோடு அடுத்த நாள் வேலைக்கு வந்து ஒயரையெல்லாம் பச்சையாக்கித் திட்டு வாங்கினாள்.

அண்ணன் அவ்வப்போது தக்காளிக் கூடையோடு அவளைப் பார்க்க வருவார். நான் அங்கே இருந்த நாட்களில் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கிரானைட் பட்டறையில் வந்து முடியும். ஒரு காலத்தில் அவர் அங்கே பாலிஷ் மெஷினில் இருந்தவர். "கல்லுத் தூசி நமக்கு ஆவாதுன்னு நானா நின்னுட்டேன். மொதலாளி வூடு வரைக்கும் வந்து கையப் புடிச்சிக் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்" என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம். முதலாளி வந்த காரின் நிறம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வோம்.

இந்த 'நின்னுட்டேன்' என்கிற வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வேலை போனதை வேலை போச்சு என்று யாரும் சொல்வதில்லை. நின்னுட்டேன் என்பார்கள். நிறுத்திட்டாங்க என்று சொன்னால் போதும், கேட்கிறவர் புருவம் மேலே போய்விடும். என்ன எடுத்தாளோ, எவனை எதிர்த்துப் பேசினாளோ என்று தெருவே ஆராய்ச்சி பண்ணும். பெண்பிள்ளை என்றால் இன்னும் மோசமாகப் பேசுவார்கள். அதனால் எவ்வளவு நல்ல வேலைக்காரியாக இருந்தாலும், வேலை போன அன்றைக்கு அவளே நின்றவள் ஆகிவிடுவாள்.

எங்களுக்கும் அந்த நாள் வந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எங்களை வேலைக்கு அனுப்புகிற கான்ட்ராக்டர் படியில் ஏறி நின்றார். எங்களுக்குத் தெரிந்த மனிதர்தான். பாலக்கோட்டில் தக்காளி மண்டியும் வைத்திருக்கிறார், ஆளும் சப்ளை பண்ணுகிறார். அவர் முகமே சரியில்லை. "அம்மா, எல்லாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது... கம்பெனியில ஆர்டர் கொறைஞ்சி போச்சாம்... எங்கூட போட்ட கான்ட்ராக்ட இந்த மாசத்தோட..." என்று இழுத்தார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து இவள் எழுந்தாள். "என்னாத்துக்குங்க இந்த இழுவ இழுக்கறீங்க? நாங்களே நின்னுக்கறோம். போதுங்களா?"

பஸ்ஸே கைதட்டியது. "ஆமா, நாங்களே நின்னுக்கறோம்!" என்று எல்லோரும் கத்தினோம். என் குரல்தான் உரக்கக் கேட்டது. கான்ட்ராக்டர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ராயக்கோட்டை வரைக்கும் ஒரே பாட்டும் சிரிப்பும்தான். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக வாய் மூடினோம். என் ஊர்க் கூட்டுரோட்டில் நான் இறங்கும்போது அவள் தலையிலிருந்த பூவை முழுசாக எடுத்து என் கையில் கொடுத்தாள். அந்தப் பஸ் கண்ணுக்கு மறையும் வரை நின்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் அண்ணனிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள்: "நானா நின்னுட்டேண்ணா." அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்திருக்கும். ஆனால் வேறு வேலை அமையாமல் நாள் ஓடியதும் ஒருநாள் வந்து, "தனியா எதுக்கு வாடகை? மாசம் பொறந்தா நம்மூட்டுக்கே வந்துரு பாப்பா" என்றவர், அவளைக் கேட்காமலே லைன் வீட்டு ஓனரிடமும் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் என் எதிரில் உட்கார்ந்து, "மறுபடியும் உர மூட்டையாடி?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல். எங்கள் சம்பளத்தில் காப்பீட்டுக்கு என்று பிடிப்பார்களே, அந்த அட்டையை வைத்து மருந்து வாங்கப் போனோம். மருந்து கொடுக்கிற அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "வேலை போனவங்களுக்கு இதுல கொஞ்ச மாசத்துக்கு உதவித்தொகை இருக்குதே, எழுதிப் போட்டீங்களா?" என்றார். "நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்கங்க" என்றேன். "கான்ட்ராக்டா இருந்தா என்னம்மா? ரெண்டு வருஷம் விடாம காப்பீடு கட்டியிருக்கணும், அவ்வளவுதான். ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார்.

எனக்கு அந்தத் தகுதி இல்லை. பிரசவத்துக்கு நின்று மறுபடி சேர்ந்தபோது என் கணக்கைப் புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டு வருஷம் ஆகவில்லை. போகட்டும், எனக்கு வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருந்தது. இவள் ஒருநாள் விடாமல் வேலை பார்த்தவள். இவளுக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று இழுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன்.

காப்பீட்டு ஆபீஸில் இருந்த மேடம் நன்றாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கடைசியாக, "நீங்களா வேலையை விட்டு நின்னீங்களா, அவங்க நிறுத்தினாங்களா?" என்று கேட்டார்.

இவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "நானேதாங்க மேடம் நின்னுட்டேன்" என்றாள்.

அடிப்பாவி! மேடம் பேனாவை வைத்துவிட்டார். "இங்கேயும் அப்படித்தான் போட்டிருக்கு, தானாக விலகினார்னு. தானா விட்டவங்களுக்கு இது கிடையாதும்மா. வேலை பறிபோயிருந்தாத்தான் உண்டு."

"பறிதாங்க போச்சு!" என்று நான் கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பஸ்ஸ நிறுத்தி, கான்ட்ராக்ட நிறுத்தி, கேட்ட மூடிட்டு, நாங்களா நின்னோம்னா என்னங்க நியாயம்?"

"நியாயம் எனக்கும் புரியுது. உங்க கான்ட்ராக்டர் காரணத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். அப்புறம் இவங்களைக் கூப்பிட்டு விசாரிப்போம். அப்போ இவங்க வாயால சொல்லணும்" என்றார் மேடம்.

வெளியே வந்து டீக்கடையில் அவளை ஒரு பிடி பிடித்தேன். "உன் வாயில என்ன கொழுக்கட்டையா? நிறுத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா?"

"வர மாட்டேங்குது புள்ள. நான் என்னடி தப்புப் பண்ணேன், அப்படிச் சொல்றதுக்கு?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போனோம். ஏலம் நடந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் தக்காளிப் பெட்டி, டிராக்டர், சத்தம். கான்ட்ராக்டர் எங்களைக் கண்டதும் ஓரமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டுப் போனார்.

"ஏம்மா, அது மரியாதைக்குப் போட்டதும்மா! நிறுத்தினேன்னு நான் போட்டா ஊரு உங்களத்தான என்னா பண்ணாங்கன்னு கேக்கும்? வேலைதான் நின்னுச்சு, நான் யாரையும் நிறுத்தல. இந்தம்மாவே சொல்லிச்சு, நாங்களே நின்னுக்கறோம்னு. அப்பாடா, நல்ல மனசுன்னு அப்படியே போட்டுட்டேன்."

அவரைத் திட்டத்தான் வந்தேன். எங்கள் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு நிற்கிற மனிதரை எப்படித் திட்டுவது?

"இப்ப மாத்திக் குடுங்கண்ணே" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மாத்தறேன். ஆனா நாளைக்கு இவங்கண்ணன் எங்கிட்ட வந்து, எந்தங்கச்சிய ஏன்யா நிறுத்தினன்னு சட்டையப் புடிச்சான்னா? தோ, அவனே நிக்கறான். அவன் முன்னாடி ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நான் இன்னைக்கே மாத்திடறேன்."

திரும்பிப் பார்த்தேன். அவள் அண்ணன் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. இவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மண்டிக் கூரையைப் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல் என் சதையில் அழுந்தியது.

"அண்ணா... நானா நிக்கலண்ணா. என்னைய நிறுத்திட்டாங்க."

சுற்றி இருந்த நாலு பேர் திரும்பினார்கள். அண்ணன் பெட்டியைக் கீழே இறக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏலம் முடியும் முன்னாலேயே டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கான்ட்ராக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அன்றைக்கே மாற்றினார். ஆனால் இவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. "எங்கண்ணன் மூஞ்சி செத்துப் போச்சுடி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதை எதையோ சொல்லித் தேற்றினேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாதம் முடிய அதிக நாள் இல்லை. லைன் வீட்டு ஓனர் அந்த அறைக்கு வேறு ஆளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். பஸ் முழுக்க நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். "என்ன சொல்லுவ?" "நிறுத்திட்டாங்க." "சத்தமா சொல்லு." கண்டக்டர் பயந்துபோய், "நிறுத்தணுமாம்மா?" என்று விசிலை வாயில் வைத்தார். அத்தனை பயத்திலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கம்பெனி பஸ்ஸில் சிரித்த அதே சிரிப்பு.

ஆபீஸ் வாசலில் அவள் அண்ணன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. எந்தப் பஸ்ஸில் வந்தாரோ. இவள் கால் அப்படியே நின்றுவிட்டது. அவர் எங்கள் பின்னால் உள்ளே வந்தார்.

மேடம் அதே கேள்வியைக் கேட்டார். இவள் வாயைத் திறந்தாள், அண்ணன் பக்கம் கண் போனது, குரல் உள்ளேயே போய்விட்டது. சொல்லித் தொலையேன் என்று இடுப்பில் கிள்ளினேன்.

"நிறுத்திட்டாங்க மேடம்" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"கம்பெனியில உங்க மேல ஏதாவது புகார் இருந்துச்சா?"

அவள் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அண்ணன், "ஒரு புகாரும் இல்லீங்க" என்றார்.

மேடம் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"இதுங்கண்ணன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "தப்புப் பண்ணாம இருந்தாலும் நிறுத்துவாங்கங்க. நான் கிரானைட் பட்டறையில இருந்தவன். நல்லாத்தான் வேல செஞ்சேன். என்னையும் நிறுத்திட்டாங்க." அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி மேலே பேசினார். "வூட்டுல சொல்ல முடியலீங்க. கொஞ்ச நாளு டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு ஏரிக்கரையில போயி உக்காந்திருந்தேன். அப்புறமா நானே நின்னுட்டேன்னு சொன்னேன். அது மாதிரி இதுவும் சொல்லியிருக்குது, அவ்வளவுதாங்க."

மேடம் கையெழுத்துப் போடச் சொல்லி இவள் பக்கம் பேனாவை நீட்டினார். உதவித்தொகை வரும் என்றார். வரவும் வந்தது. கொஞ்ச மாதங்களுக்குத்தான், ஆனால் அதற்குள் அவளுக்கு ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை அமைந்துவிட்டது. பச்சைக் கதவு இன்றைக்கும் அவளுடையதுதான்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்தார். "ஓனருகிட்ட காலி பண்ணலன்னு நானே சொல்லிடறேன் பாப்பா" என்றார். அப்புறம் வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். இவள் பழையபடி ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். வழக்கம்போல என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன், என் தோள் நனைந்தபோதுதான் தெரிந்தது.

"என்னடி?" என்றேன்.

அண்ணனுக்குக் கேட்காமல் என் காதில் சொன்னாள்: "அப்ப நான் எங்கண்ணன் வூட்டுலதாண்டி இருந்தேன். அந்த டிபன தெனமும் நான்தான் கட்டிக் குடுத்தேன்."